எட்டு பேனலும் ஒரு கட்டிலும்

ஏதென், கிரேத்தர்
மே 12, ஞாயிறு

அவ்ஸானுக்கு,

நேற்று மாலை முக்கல்லாவிலிருந்து வந்து சேர்ந்தேன். மகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. இதை உன் மனைவி நஸீராவிடம் சொல். உன்னிடம் பேச எனக்கு வேறு விஷயம் இருக்கிறது.

பத்து மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்தவள், கட்டிலில் கொஞ்சம் சாயலாம் என்று மொட்டை மாடிக்கு ஏறினேன். என் கயிற்றுக் கட்டில் தண்ணீர்த் தொட்டியோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. மாடி முழுக்க சோலார் பேனல். எண்ணினேன், எட்டு. கட்டில் போட இடமில்லை என்பது இருக்கட்டும், நடக்கவே ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும்.

ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை நான் மாடியில்தான் தூங்குகிறேன் என்பது தெருவில் பூனைக்குக்கூடத் தெரியும். இந்த மேல் வீடு பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராவெல்லாம் கக்குகிறது. கரண்ட் இரண்டு மணி நேரம் வந்தால் ஆறு மணி நேரம் வருவதில்லை. அப்பா கீழ் வீட்டை உனக்கும் மேல் வீட்டை எனக்கும் எழுதிவைத்தார், மாடி பொது என்றார். பொது என்றால் என்ன என்று ஐம்பது வயதில் உனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? தொட்டியைப் பார்த்துக்கொள்ளத்தானே நஸீராவிடம் சாவி கொடுத்துவிட்டுப் போனேன்.

மாடிப்படி என் வீட்டுக்குள்ளே இருக்கிறது. கதவைப் பூட்டிவிட்டேன். இனி சாவி என்னிடம்தான். போனில் உன் எண்ணையும் அடைத்துவிட்டேன், ஏனென்றால் நீ போனில் கத்துகிறாய். சொல்ல ஏதாவது இருந்தால் எழுதி, சன்னலிலிருந்து நான் கயிற்றில் இறக்குகிற கூடையில் போடு. ரொட்டிக்காக எப்படியும் காலையும் மாலையும் கூடையை இறக்குகிறேன்.

மழுப்பாமல் பதில் எழுது. இல்லையென்றால் மேல் வீட்டை விற்றுவிட்டு மகளோடு முக்கல்லாவிலேயே இருந்துகொள்கிறேன். அவள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறாள்.

இஷ்ராக்


மே 12, சாயங்காலம்

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சலாம் போடலைன்னாலும் நான் போடுவேன்.

பேத்தி பொறந்ததுக்கு நஸீரா ரொம்ப சந்தோஷப்பட்டா. அல்வா கிண்டி இதோட வச்சிருக்கா. கோபத்துல அதைத் திருப்பி அனுப்பிடாதே, அவ மேல உனக்கு ஒண்ணும் இல்லையே.

கட்டிலை நகத்தினது நான்தான். கேக்காம செஞ்சேன், ஒத்துக்கறேன். எட்டு பேனல் வேணும்க்கா. ஏன் எட்டுன்னு மட்டும் கேக்காதே. மின் நிலையத்துல இருபத்தாறு வருஷம் வேலை பாத்தவன், கணக்கு தெரியாம ஏத்துவேனா? கரண்ட்டு குடுக்கற ஆபீஸ்ல உக்காந்திருந்தப்போ குடுக்க முடியாததை இப்ப வெயிலைப் பிடிச்சுக் குடுக்கறேன், அவ்வளவுதான்.

உன் ரூமுக்கு ஒரு ஃபேன் மாட்டித் தரேன், விடிய விடிய ஓடும். வயர்லாம் ரெடியா இருக்கு. கதவை மட்டும் தொற.

உன் தம்பி அவ்ஸான்

வீட்டை விக்கற பேச்சு வேண்டாம். நீ இல்லாத மேல் வீட்டை நான் எப்படிப் பாப்பேன்.


மே 13

அவ்ஸானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். சலாமுக்குப் பதில் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன்.

அல்வாவில் ஏலக்காய் கூடுதல். தின்றேன்.

ஃபேன் வேண்டாம். சூட்டைச் சுற்றிச் சுற்றிக் கலக்குவதற்கு ஒரு ஃபேன் எதற்கு? எனக்கு வேண்டியது ஒரு கட்டில் அகலம் இடம், மேலே வானம். "ஏன் எட்டுன்னு கேக்காதே" என்று எழுதினால் அதைத்தான் கேட்பேன் என்று தெரியாதா உனக்கு?

இஷ்ராக்


மே 18, சனி

அக்காவுக்கு,

சலாம். நேத்து அடிச்ச புழுதிக்காத்துல ஷம்சான் மலையே கண்ணுக்குத் தெரியல. பேனல் மேல விரல் கனத்துக்கு மண்ணு படிஞ்சிருக்கும். கீழே என் மீட்டர்ல பாக்கறேன், வரவேண்டியதுல பாதிதான் வருது. பத்து நாள் இப்படியே போச்சுன்னா பேட்டரி படுத்துரும்.

உன்னை நான் கழுவச் சொல்லல. அரை மணி நேரம் என்னை விடு, தொடச்சிட்டு எறங்கிடறேன், உன் பக்கம் திரும்பிக்கூட பாக்க மாட்டேன். தயவு செஞ்சு கோபத்துல தொட்டித் தண்ணியை ஊத்திடாதே. அது உப்பு, காஞ்சா வெள்ளையா பொருக்குத் தட்டிரும். எதிர்க் கடை ஏசியிலேர்ந்து சொட்டற தண்ணியை ரெண்டு குடம் பிடிச்சு வச்சிருக்கேன். அதான் பேனலுக்கு நல்லது.

நீ என்மேல கோபப்படு, பரவால்ல. பேனல் என்ன செஞ்சது.

அவ்ஸான்


மே 20, திங்கள்

அவ்ஸானுக்கு,

புழுதியைப் பற்றி நான்கு வரி எழுதினாய். தெற்கு மூலையிலிருந்து தெருவைத் தாண்டிப் போகிற கறுப்பு வயரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

அந்தப் பக்கம் நான் பார்ப்பதில்லை என்ற தைரியம் உனக்கு. நான் நர்ஸாக இருந்த கிளினிக்கில் தடுப்பு மருந்தெல்லாம் கெட்டுப்போய், விடியற்காலையிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற அத்தனை தாய்மாரையும் "வீட்டுக்குப் போங்க" என்று நான் திருப்பி அனுப்பிய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தப் பக்கத்துச் சன்னலைப் பலகை அடித்து அடைத்தே வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் ஆகிறது. கிளினிக் அந்தப் பக்கம் என்பதால், வேலையை விட்ட பிறகு நான் அந்தப் பக்கம் போவதும் இல்லை. அதனால் வயர் எந்த வீட்டுக்குப் போகிறதென்று பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. வீட்டுக்குள் ஓடும் வயர் வெளிச்சத்துக்கு, தெருவைத் தாண்டும் வயர் வியாபாரத்துக்கு. இந்த ஊரில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. ஜெனரேட்டர் வைத்து வீட்டுக்கு வீடு லைன் இழுத்து விற்கிறவர்களைப் பார்த்து நீயே எத்தனை நாள் காறித் துப்பியிருக்கிறாய்.

என் கட்டிலை மடக்கிவைத்துவிட்டு யாருக்கு லைன் விற்கிறாய்? பெயரைச் சொல். அதுவரை கதவு திறக்காது, புழுதி அங்கேயே இருக்கும்.

இஷ்ராக்


மே 21

அக்கா,

வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணையா அது வியாபாரம் இல்லை. யாருகிட்டயும் கை நீட்டி நான் ஒண்ணும் வாங்கல. அதுக்கு மேல சொல்ல முடியாது. நீ வாங்கின சத்தியம்தான் என் வாயைக் கட்டியிருக்கு.

நஸீரா சொல்றா, "போய் அவங்க கால்ல விழுந்து சொல்லித் தொலைங்க"ன்னு. எனக்குத் தைரியம் வரல.

அவ்ஸான்


மே 21, மாலை

நான் வாங்கின சத்தியமா? நான் எதற்கு உன்னிடம் சத்தியம் வாங்கினேன்? தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. வியாழன் வரை தவணை தருகிறேன்.

இ.


மே 23, வியாழன், மாலை

அவ்ஸானுக்கு,

தவணை முடிந்தது. பதில் வரவில்லை. ஆகவே இன்று பகல் பன்னிரண்டரைக்கு, லுஹர் தொழுதுவிட்டு, மாடிக்குப் போய் உன் கறுப்பு வயரை வெட்டிவிட்டேன். அப்பாவின் பழைய பிளையர் இருந்தது. தெருப்பக்கம் போன துண்டு சுவரில் தொங்குகிறது. உன் வாடிக்கையாளர் யாராயிருந்தாலும் இனி உன்னிடம் வந்து கேட்பார், நீயும் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உன் வீட்டுக்குப் போகிற வயரைத் தொடவில்லை. நஸீரா புழுங்க வேண்டியதில்லை.

இஷ்ராக்


மே 23, ஆறே கால் மணி

அக்கா, கை நல்லா இருக்கா? மொதல்ல அதை எழுது. அந்த வயர்ல கரண்ட் ஓடிக்கிட்டிருந்ததுக்கா. 

இனிமே மறைச்சுப் பிரயோஜனம் இல்லை. அது கிளினிக் லைன். தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்குப் போறது. உன்கிட்ட வேலை கத்துக்கிட்ட நர்ஸ் பொண்ணு விஜ்தான் பிப்ரவரியில வந்து என் வாசல்ல நின்னு அழுதா. ஜெனரேட்டருக்கு டீசல் வரல, மறுபடியும் இஷ்ராக் அக்காவுக்கு நடந்தது எனக்கும் நடக்கப்போகுதுன்னா. எட்டுல அஞ்சு பேனல் அந்த ஃப்ரிட்ஜுக்கு. தண்ணி லாரி போற தெருங்கறதால வயரை மாடியிலேர்ந்து இழுத்தேன். நீ அன்னைக்கு மூணு நாள் சாப்பிடாம கெடந்துட்டு, "இனி இந்த வீட்டுல கிளினிக்ங்கற பேச்சை எவனும் எடுக்கக்கூடாது"ன்னு குர்ஆன் மேல கை வைக்கச் சொன்னியே, அதான் சத்தியம். அதை நீயே மறந்துட்டு என்னைக் கேள்வி கேக்கறே.

இன்னைக்கு வியாழன். மத்தியானம் கிளினிக்கைப் பூட்டிட்டாங்க, வெள்ளி, சனி லீவு, இனி ஞாயித்துக்கிழமைதான். உள்ள நானூறு பிள்ளைக்கு மருந்து இருக்கு. விஜ்தான் சாவியை எங்ககிட்ட குடுத்துட்டு லஹஜுக்குப் போயிருக்கா. மீன் மார்க்கெட்டுக்கு ஓடி ரெண்டு பாளம் ஐஸ் வாங்கியாந்துட்டேன், வாசல்ல கரைஞ்சுக்கிட்டிருக்கு. மருந்தையெல்லாம் எடுத்து ஐஸ் பெட்டியில மாத்தட்டுமா? சீக்கிரம் சொல்லு. நஸீரா கூடைக்குக் கீழேயே நிக்கறா.


ஆறு இருபத்தைந்து

திறக்காதே.

யாரும் கிளினிக் பக்கம் போக வேண்டாம். ஃப்ரிட்ஜ் கதவில் கை வைக்காதே. மீன் ஐஸ் மருந்தைத் தொட்டால் பாதி மருந்து உறைந்து அங்கேயே செத்துவிடும். சூட்டைவிட அது மோசம்.

அந்த ஃப்ரிட்ஜின் சுவருக்குள்ளேயே ஐஸ் இருக்கிறது. திறக்காமல் இருந்தால் இருபது மணி நேரம் தாங்கும். வெட்டி ஆறு மணி நேரம் ஆகிறது. நமக்குப் பதினாலு மணி நேரம் இருக்கிறது. வயரும் டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மேலே வா. ஓடி வராதே, மூன்றாவது படி உடைந்திருக்கிறது. மாடிக் கதவைத் திறந்துவைத்துவிட்டேன்.

கை நன்றாக இருக்கிறது. ரப்பர் செருப்பும் பழைய கையுறையும் போட்டுத்தான் வெட்டினேன்.


மே 24, வெள்ளி

அக்காவுக்கு,

சலாம். நேத்து நாப்பது நிமிஷம் எனக்கு டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னே.  வயர் சேந்ததும் டார்ச்சை என் கையில வச்சுட்டு உள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டே. திட்டியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

காலையில விஜ்தான் லஹஜிலேர்ந்து ஓடி வந்துட்டா. ஃப்ரிட்ஜுக்கு வெளியில இருக்கற மீட்டர்ல ஆறு டிகிரி காட்டுது. நேத்து ராத்திரி உச்சமா ஏழுக்குப் போயிருக்காம். எட்டைத் தாண்டினாத்தானே மருந்து கெடும். தாண்டலக்கா. எனக்கு அதுக்கப்புறம்தான் டீ எறங்குச்சு.

இப்ப என் விஷயம். கிளினிக்குக்குத்தான் செஞ்சேன்னு சொல்லி நான் தப்பிச்சுக்க முடியாது. நல்ல காரியத்துக்குன்னா அக்கா கட்டிலைக் கேக்காம மடக்கலாமா? நீ முக்கல்லா போற வரைக்கும் காத்திருந்துட்டு, திருடன் மாதிரி ஏறி வேலையை முடிச்சேன். உன்னால மறுக்க முடியாதுன்னு தெரிஞ்சும் கேக்கப் பயந்தேன். நீ அழுவியோன்னு பயம்.

அப்பா ஊர்ல, யாஃபிஉ மலையில, தப்பு பண்ணவன் தன் துப்பாக்கியைக் கொண்டுபோய் எதிராளி முன்னாடி வச்சுட்டு "தீர்ப்பு உன் கையில"ன்னு சொல்லுவானாமே. நாம ஏதென் பசங்க, அப்பா அதைச் சொல்றப்பல்லாம் விழுந்து விழுந்து சிரிப்போம். இப்ப சிரிப்பு வரல. என்கிட்ட துப்பாக்கி இல்லை. கரண்ட் அளக்கற மல்டிமீட்டர் இருக்கு. கூடையில வச்சிருக்கேன். நாளைக்கு ஷேக் ஒத்மான்ல ரெண்டு வீட்டுக்கு பேனல் மாட்டணும், இது இல்லாம போக முடியாது. அதான் இதையே அனுப்பறேன். வேண்டாத பொருளைக் குடுத்தா அது தீர்ப்புக் கேக்கறதா ஆகாதே.

நீ என்ன சொன்னாலும் சரி. எட்டையும் எறக்குன்னா எறக்கிடுவேன், கிளினிக்குக்கு வேற மாடி தேடறேன்.

அவ்ஸான்


மே 25, சனி, காலை

தம்பி அவ்ஸானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். மல்டிமீட்டர் வந்தது. அதன் சிவப்பு முனை ஆடுகிறது, டேப் சுற்றியிருக்கிறேன்.

அப்பா சொன்ன முறை பாதிதான் உனக்கு ஞாபகம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்கிறவன் முதலில் மலை அளவு சொல்வான், பிறகு ஒவ்வொன்றாக விட்டுக்கொடுப்பான். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

எட்டு பேனலையும் கழற்ற வேண்டும். இது தீர்ப்பு. அதில் நான்கை அல்லாஹ்வுக்காக விட்டேன். இரண்டை அப்பாவுக்காக விட்டேன். ஒன்றை நஸீராவுக்காக விட்டேன். நான் உன்னோடு பேசாத நாளிலும் அவள் கூடையில் சாப்பாடு வைக்கத் தவறியதில்லை. மிச்சம் ஒன்று. அதை விடமாட்டேன். நேற்று டேப் வைத்து அளந்து பார்த்தேன், ஒரு பேனல் கிடக்கிற இடத்தில் ஒரு கட்டில் கிடக்கும். கிழக்கு ஓரத்தில் இருப்பதைக் கழற்று. அதை உன் வீட்டுப் பங்கில் கழித்துக்கொள். கிளினிக் பங்கில் கை வைத்தால் மறுபடி பிளையரை எடுப்பேன்.

இனி என் விஷயம். நீ கட்டிலைத்தான் மடக்கினாய். நான் நானூறு பிள்ளைகளின் மருந்தில் கை வைத்தேன். கெட்ட எண்ணம் இல்லை என்று சொல்லலாம். இரண்டு வருடமாக அந்தச் சன்னலைத் திறந்திருந்தால் வயர் எங்கே போகிறதென்று கண் பார்த்திருக்கும். வியாழக்கிழமை நீ வருவதற்குள் மாடியில் நான் எப்படி நின்றேன் என்று எனக்குத்தான் தெரியும். மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த முறை என் கையாலேயே என்று நினைத்தேன். பயந்துபோனேன் தம்பி. அதனால்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

என்னிடமும் துப்பாக்கி இல்லை. மாடிச் சாவி இருக்கிறது. கூடையில் வைத்திருக்கிறேன், உன் மல்டிமீட்டரும் இருக்கிறது. நீ தீர்ப்புச் சொல்.

இஷ்ராக்


மே 25, மாலை

அக்காவுக்கு,

சலாம். கிழக்கு ஓரத்துப் பேனலைக் கழட்டியாச்சு. நீ கதவைத் திறந்துட்டு சமையல்கட்டுல போய் ஒளிஞ்சுக்கிட்டதைப் பாத்தேன். கட்டிலை விரிச்சுக் கயிறு இழுத்துக் கட்டிட்டேன், தொய்வு இல்லை. மிச்ச ஏழு பேனலையும் நஸீராவும் நானும் துடைச்சோம். தட்டுத் தட்டா மண்ணு.

என் தீர்ப்பு. இருபத்தேழு வருஷம் அந்தக் கிளினிக்ல வேலை பாத்தே. இன்னும் இருபத்தேழு வருஷம் பாக்கணும். அதுல பாதியை அல்லாஹ்வுக்காக விட்டேன். பத்து வருஷத்தை அம்மா அப்பாவுக்காக விட்டேன். மிச்சத்தை உன் முக்கல்லா பேத்திக்காக விட்டேன். ஒரே ஒரு நாள் மட்டும் விடமாட்டேன். அந்த ஒரு நாள் நாளைக்கு. ஞாயித்துக்கிழமை, காலையில எட்டு மணி. விஜ்தான்கிட்ட சொல்லிட்டேன். அவ பயந்துக்கிட்டு நிக்கறா, மருந்து உண்மையிலேயே நல்லா இருக்கான்னு பாக்க அவளுக்கு இன்னொரு கண்ணு வேணுமாம்.

சாவியைத் திருப்பி அனுப்பறேன். என்கிட்ட இருந்தா தொலைச்சிடுவேன்.

அவ்ஸான்


மே 26, ஞாயிறு

தம்பி அவ்ஸானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த முறை முதலில் நான் சொல்லிவிட்டேன், நீ பதில் சொல்ல வேண்டும்.

ஏழரைக்கே போய்விட்டேன். தெருவைத் தாண்ட நாலு எட்டு, அதற்கு இரண்டு தடவை நின்றேன். விஜ்தான் என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "முதலில் கையைக் கழுவு" என்றேன்.

ஐந்து டிகிரி. குப்பி ஒவ்வொன்றின் மேலும் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். சூடு பட்டால் கட்டம் கறுத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்துக்கு வந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். அன்று நான் எறிந்த குப்பிகளில் எல்லாம் கறுப்பு. இன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, விஜ்தான் வாசலில் வரிசையைச் சமாளித்தாள். எல்லாம் வெளுப்பாகவே இருந்தன. ஒன்றுகூடப் போகவில்லை.

நீ இழுத்த வயரையும் பார்த்தேன். சுவரில் நேராக ஆணி அடித்திருக்கிறாய். நான் வெட்டிய இடம் மட்டும் டேப் சுற்றிப் புடைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியே இருக்கட்டும், மாற்றாதே.

பத்து மணிக்கு ஒருத்தி வந்தாள். கையில் கைக்குழந்தை, அவள் அங்கியைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்று என்னைப் பார்த்தாள். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, அவள் என்னைத் தெரிந்துகொண்டாள்.

"நீங்கதானே அன்னைக்கு எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னது?"

"ஆமாம்மா, நான்தான்."

"இன்னைக்கு மருந்து இருக்கா, இல்லை இப்பவே திரும்பிப் போயிடட்டுமா? வெயில்ல வந்தேன்."

"இருக்கு. உள்ள வா, உக்காரு. பிள்ளை கையைக் காட்டு."

இரண்டு பிள்ளைகளுக்கும் போட்டேன். பெரியவனுக்கு அன்று விட்டுப்போனதையும் சேர்த்துப் போட்டேன். சின்னது வீறிட்டு அழுதது, அவள் சிரித்தாள்.  பிறகு ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினேன். அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன், ஆனால் கத்தாதே. தெற்குச் சன்னலில் அடித்த பலகையைக் கழற்ற சுத்தியல் அனுப்பு. நஸீராவிடம் நாளை மதியம் சாப்பாடு வைக்க வேண்டாம் என்று சொல். திங்கட்கிழமையும் கிளினிக்குக்குப் போகிறேன். அது உன் தீர்ப்பில் இல்லை.

அக்கா
இஷ்ராக்